இசைத்தட்டு முள்ளும் கார்ட்ரிட்ஜும்: மதுரை வட்டார வரலாறு

இசைத்தட்டின் சுருள் தடத்தில் ஓடி அதன் அதிர்வை வாங்கும் கூர்முனை, தமிழ்நாட்டில் முள் என்றும் ஊசி என்றும் அழைக்கப்பட்டது. அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும் சிறு கூடு கார்ட்ரிட்ஜ் எனப்படும். இசைத்தட்டு சுழலும் கருவியில் மிகச் சிறிய பாகங்கள் இவை. ஆயினும் பாட்டு எப்படிக் கேட்கும், தட்டு எத்தனை ஆண்டு பிழைக்கும் என்னும் இரண்டையும் தீர்மானிப்பவை இவையே.

மதுரை நகரிலும், அதற்கு மேற்கே தேனிச் சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள உசிலம்பட்டியைச் சுற்றிய ஊர்களிலும் இசைத்தட்டு இரு வழிகளில் புழங்கியது. ஒன்று, வீட்டுக் கூடத்துக் கிராமபோன். மற்றொன்று, திருவிழாவிலும் காதணி விழாவிலும் கட்டப்பட்ட ஒலிபெருக்கி. இவ்விரு இடங்களிலும் முள் மாறிய கதை, மக்கள் பாட்டுக் கேட்ட கதையும் ஆகும்.

எஃகு முள் காலம்

இந்தியாவில் முதல் வணிக ஒலிப்பதிவுகளைக் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் செய்தார். அப்போது பாடியவர்களுள் கௌஹர் ஜான் புகழ் பெற்றவர். அந்தப் பத்தாண்டிலேயே தமிழ்ப் பாடல்களும் தட்டில் ஏறின. மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி 1926ஆம் ஆண்டு, தம் 10ஆம் வயதில், தாயார் சண்முகவடிவின் வீணையுடன் முதல் தட்டைப் பாடினார். 1930களில் சென்னையின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை விற்றது. பிற்காலத்தில் படத்தயாரிப்பாளராகப் பெயர் பெற்ற ஏ. வி. மெய்யப்பன் அதன் பங்குதாரர். நாடகப் பாடல்களும், பல தட்டுகள் சேர்ந்த நாடகக் கதைகளும் அக்காலத்தில் விரும்பி வாங்கப்பட்டன.

அன்றைய கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. சாவி கொடுத்தால் சுருள்வில் தட்டைச் சுழற்றும். முள்ளின் அதிர்வு, ஒலிப்பெட்டியில் இருந்த மெல்லிய மைக்கா தகட்டை நேராக ஆட்டும். புனல் அதைப் பெரிதாக்கும். மின்கம்பி எட்டாத ஊர்களுக்கும் பாட்டு போய்ச் சேர்ந்தது இதனால்தான். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. ஒலியை எழுப்பும் விசை முழுவதும் முள்ளிலிருந்தே வர வேண்டியிருந்ததால், ஒலிப்பெட்டி 100 கிராமுக்கும் கூடுதலான எடையுடன் தட்டை அழுத்தியது.

78 சுற்றுத் தட்டு அரக்கோடு கல்தூள் கலந்து செய்யப்பட்டது. அந்தக் கல்தூள் முள்ளைத் தேய்த்துத் தடத்துக்கு ஏற்ற வடிவாக்கியது. இங்கே முதலில் தேய வேண்டியது முள், தட்டு அல்ல. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும். அதற்குள் முள் கடக்கும் தொலைவு 100 மீட்டருக்கு மேல். எனவே ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்பதே விதி. முட்கள் சிறு தகரப் பெட்டிகளில் நூற்றுக்கணக்கில் விற்கப்பட்டதும் இதனால்தான். சிக்கனம் கருதி ஒரே முள்ளைப் பலமுறை பயன்படுத்தியபோது, தேய்ந்த முனை உளியைப் போலத் தடத்தின் சுவரைச் செதுக்கியது.

இந்த இழப்பு சாதாரணமானதன்று. எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு, 30 வயது நிறைவதற்கு முன்பே மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் நடிக்கவில்லை. மேடையை அதிர வைத்த அவருடைய குரலுக்கு இன்றுள்ள சாட்சி, அந்த அரக்குத் தட்டுகளின் தடம் மட்டுமே.

கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜும் வெயிலும்

சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1880ஆம் ஆண்டு பிரான்சில் பியர் கியூரி, ழாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இந்தப் பண்பைக் கொண்டு ரோஷல் உப்பு எனும் படிகத்தால் ஆன கார்ட்ரிட்ஜுகள் 1930களில் பரவின. முள் அசையும்போது படிகம் முறுக்கப்பட்டு மின்சைகை தோன்றும். அது ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவுக்கு வலுவாக இருந்ததால், வால்வு ரேடியோவோடு நேரே இணைத்துப் பாட்டுக் கேட்க முடிந்தது. அழுத்த எடையும் பெரிதும் குறைந்தது.

எனினும் ரோஷல் உப்புக்கு வெப்பமும் ஈரமும் ஆகா. ஏறத்தாழ 55 டிகிரி செல்சியசில் அது தன்னுள் இருக்கும் நீரை இழந்து கெடும். மழைக்கால ஈரத்தில் நீரை உறிஞ்சியும் கெடும். கோடையில் நிழலிலேயே 40 டிகிரியை எட்டும் மதுரைச் சமவெளியில், தகரக் கூரையின் கீழோ வெயிலில் நிற்கும் வண்டியிலோ இருக்கும் கருவிக்கு இது பெரிய குறை. கருவி பழுதில்லாமல் இருந்தும் ஒலி மட்டும் மெலிந்து போவதற்குப் படிகம் கெட்டுப்போவது ஒரு பொதுவான காரணமாயிற்று.

செராமிக் கார்ட்ரிட்ஜும் குழாய் ஒலிபெருக்கியும்

இந்தக் குறையைத் தீர்த்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். பேரியம் டைட்டனேட் போன்ற சுட்ட பொருள்களால் ஆன இது வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கியது. அடித்துக் கையாண்டாலும் எளிதில் பழுதாகாது. விலையும் குறைவு. கையில் தூக்கிச் செல்லும் பெட்டி வடிவ ரிக்கார்டு பிளேயர்களிலும், மைக் செட்டுக்காரர்களின் கருவிகளிலும் இது நிலைத்ததற்கு இவையே காரணங்கள்.

மதுரையில் வானொலி நிலையம் தொடங்கியது 1987ஆம் ஆண்டில்தான். அதுவரை இப்பகுதி மக்கள் 1939இல் தொடங்கிய திருச்சி நிலையத்தையும் இலங்கை வானொலியையும் நாடினர். விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் ஊருக்கே கேட்க வைத்தது குழாய் ஒலிபெருக்கி. மாசி சிவராத்திரியை ஒட்டிக் குலதெய்வக் கோயில்களில் உறவுகள் கூடும்போதும், காதணி விழாவுக்கு மொய் எழுதும்போதும், வேப்பமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டிய குழாயிலிருந்து பாட்டு வந்தால்தான் விழா தொடங்கியதாகப் பொருள். ‘ரேடியோ கட்டுவது’ என்று இதற்குப் பெயர். மதுரையில் பிறந்த டி. எம். சௌந்தரராஜனின் பாடல்களும், ‘திருவிளையாடல்’ படத்தின் வசனத் தட்டும் இப்படித்தான் வயல்வெளி தாண்டிக் கேட்டன.

இக்காலத்தில் இரு வகைத் தட்டுகள் ஒரே பெட்டியில் இருந்தன. மேலைநாடுகளில் 1948இல் எல்.பி. தட்டும் 1949இல் 45 சுற்றுத் தட்டும் வந்தன. இந்தியாவிலோ 78 சுற்றுத் தட்டு 1960களிலும் அச்சானது. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட இங்கே அவ்வடிவில் வெளிவந்தன. 78 தட்டின் தடம் அகலமானது. அதற்குரிய முள்முனையின் ஆரம் ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர். எல்.பி. தட்டுக்கு உரியது 25 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. ஆகவே ஒரே கார்ட்ரிட்ஜில் முன்னும் பின்னுமாக இரண்டு முட்களை வைத்து, சிறு நெம்பைத் திருப்பி மாற்றும்படி செய்தனர்.

நெம்பைத் திருப்ப மறந்தால் இரு விதக் கேடு. மெல்லிய முள் 78 தட்டில் தடத்தின் அடியைத் தொட்டு இரைச்சல் எழுப்பும். பெரிய முள்ளோ எல்.பி. தடத்தின் தோள்களை நசுக்கி, ஒரே ஓட்டத்தில் தட்டைப் பாழாக்கக்கூடும். 1950களின் இறுதியில் உலகச் சந்தைக்கு வந்த ஸ்டீரியோ தட்டு மற்றொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதன் தடத்தில் பக்கவாட்டு அசைவோடு மேல்கீழ் அசைவும் உண்டு. மேல்கீழாக வளைந்து கொடுக்காத பழைய மோனோ கார்ட்ரிட்ஜ் அந்த நுண்ணிய அசைவுகளை அரைத்துவிடும்.

ஒலிபெருக்கிக்காரருக்கு இவை தெரியாமல் இல்லை. ஆனால் அவருடைய தேவை வேறு. கூட்டத்தின் நடுவே மேசை ஆடும். காற்றும் புழுதியும் வரும். மெல்லிய முள் அங்கே நிற்காமல் தாவும். கனமான முள் தாவாமல் ஓடும். ‘கீறல் விழுந்த ரிக்கார்டு’ என்பது, சொன்னதையே சொல்பவரைக் குறிக்கும் வழக்காக இன்றும் பேச்சில் நிற்கிறது. அந்தக் கீறல்களில் பல, ஊரே கேட்பதற்காகத் தட்டு கொடுத்த விலை.

காந்தக் கார்ட்ரிட்ஜ்

வீட்டில் நிதானமாகக் கேட்பவர்களுக்கு உதவியது காந்தக் கார்ட்ரிட்ஜ். இதில் முள்தண்டின் மறுமுனையில் உள்ள சிறு காந்தம், கம்பிச் சுருள்களுக்கு நடுவே அசைந்து மின்சைகையை உண்டாக்கும். அமெரிக்காவின் ஷூர், டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன், ஜப்பானின் ஆடியோ டெக்னிகா ஆகியவை இதில் பெயர் பெற்ற நிறுவனங்கள். ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

இதன் அழுத்த எடை பொதுவாக 1.5 முதல் 3 கிராம் வரைதான். சைகையோ சில மில்லிவோல்ட் மட்டுமே. எனவே அதை வலுவாக்க ஃபோனோ முன்பெருக்கி வேண்டும். தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிவர்; 1954இல் பொதுவான அளவுகோலாக ஆர்.ஐ.ஏ.ஏ. முறை வகுக்கப்பட்டது. அதைத் திரும்பச் சமன்செய்வதும் முன்பெருக்கியின் வேலை.

1980களில் ஒலிநாடா பரவியது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் இசைத்தட்டு உற்பத்தி ஏறத்தாழ ஓய்ந்தது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தின. தட்டுகள் பரணுக்குப் போயின. இப்போது அவை மீண்டும் இறங்கி வரும்போது, எந்த முள்ளைப் பொருத்துவது என்ற பழைய கேள்வியும் உடன் வருகிறது.

தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜை அல்ல, கருவியின் கையை. எதிர் எடை இல்லாத பழைய பெட்டிப் பிளேயரின் கையில் மென்மையான காந்தக் கார்ட்ரிட்ஜ் பொருந்தாது. அதற்குப் புதிய செராமிக் முள்ளே தகும். எதிர் எடையும் அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகுத் துளைகளும் உள்ள கைக்குக் காந்தக் கார்ட்ரிட்ஜ் ஏற்றது.

அடுத்தது முள்ளின் பொருள். நீலக்கல் முள் சில பத்து மணி நேரத்தில் தேயும். வைர முள் 500 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்கும். எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் முள் கடக்கும் தொலைவு 400 மீட்டருக்கு மேல். அப்படியானால் 500 மணி நேரத்தில் அது கடப்பது 600 கி.மீ.க்கு மேல், சென்னையிலிருந்து உசிலம்பட்டிக்கு வரும் தூரத்தைவிட இது அதிகம். 78 தட்டுகளும் இருப்பின் அவற்றுக்குத் தனி முள் வாங்குவது கட்டாயம்.

பொருத்துதல்

முள்ளைக் கழற்றக்கூடிய கார்ட்ரிட்ஜானால் முதலில் கழற்றி வைக்க வேண்டும். அல்லது காப்புமூடியை மாட்ட வேண்டும். கையில் வரும் நான்கு கம்பிகளில் வெள்ளை இடப்புறச் சைகைக்கும், நீலம் அதன் எதிர்முனைக்கும் உரியவை. சிவப்பு வலப்புறச் சைகைக்கும், பச்சை அதன் எதிர்முனைக்கும் உரியவை. கம்பியின் நுனிப்பிடியைக் கார்ட்ரிட்ஜ் முனையில் செருக வேண்டுமே தவிர நேரே ஈயம் வைத்துப் பற்றவைக்கக் கூடாது. சூடு உள்ளிருக்கும் சுருளைக் கெடுக்கும்.

திருகுகளை லேசாக முடுக்கிய பின் முள்ளை மாட்டி, எதிர் எடையை நகர்த்திக் கை தராசுக்கோல்போல் சமமாக மிதக்கும்படி செய்ய வேண்டும். அந்த நிலையைச் சுழி எனக் கொண்டு, தயாரிப்பாளர் குறித்த எடையை ஏற்ற வேண்டும். எடையைக் குறைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். எடை போதாத முள் தடத்தின் சுவர்களில் மோதி மோதித் துள்ளும். சரியான எடையைவிட இதுவே கூடுதல் சேதம் செய்யும்.

பிறகு அளவு அட்டையை வைத்து, முள்முனை குறித்த இரு புள்ளிகளில் நிற்கும்போது கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பலரும் கையாளும் ஒரு கணக்கில் அப்புள்ளிகள் மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. தொலைவில் உள்ளன. நேரானதும் திருகை இறுக்கலாம். முன்னிருந்து பார்க்கையில் முள் செங்குத்தாகவும், பக்கத்திலிருந்து பார்க்கையில் கை தட்டுக்கு இணையாகவும் இருத்தல் வேண்டும். கடைசியாக, கை உள்நோக்கி இழுபடுவதைத் தடுக்கும் எதிர்விசையை எடைக்கு ஒப்ப அமைக்க வேண்டும்.

தேய்ந்த தட்டுக்கும் வழி

பழைய முள் தடச் சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத்தான் தேய்த்திருக்கும். அதனினும் சற்றுப் பெரிய அல்லது சிறிய முனை, அதே சுவரின் தேயாத பகுதியைத் தொட்டு ஓடும். ஒலி ஆவணக் காப்பகங்கள் ஒவ்வொரு 78 தட்டுக்கும் பல அளவு முட்களை வைத்துப் பார்த்து, தெளிவானதைத் தேர்ந்து பதிவு செய்வது இதனால்தான். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜின் இரு பக்கங்களையும் ஒன்றாக இணைத்தால் மேல்கீழ் அசைவால் வரும் இரைச்சல் நீங்கி, பக்கவாட்டில் பதிந்த குரல் மட்டும் மிஞ்சும்.

ஆகவே பரணில் கிடைக்கும் தட்டு கரகரக்கிறது என்பதற்காக அதை எறிந்துவிடுவது முறையன்று. பழைய பிளேயரில் உள்ள முள்ளை வைத்துச் சோதிப்பதும் முறையன்று. எத்தனை ஆண்டு தேய்ந்ததென அறியாத அந்த முனை, எஞ்சியதையும் அழித்துவிடக்கூடும். தட்டைத் துடைத்து, வளையாமல் செங்குத்தாக அடுக்கி, உரிய முள் கிடைக்கும்வரை காத்திருந்து, முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிந்துகொள்வது நல்லது. தேய்ந்த முள்ளுக்கு மாற்று கடையில் கிடைக்கும். தேய்ந்த தட்டில் இருந்த குரலுக்கு மாற்று இல்லை.