பெயரும் பயிரும்

பெங்களூருவில் வாழும் தமிழர் பலர் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஓசூர் வழியாகச் சேலம் செல்லும் பேருந்தில் ஏறுவர். தருமபுரி, சேலம் மாவட்டங்களின் வழியே செல்லுகையில் மரவள்ளித் தோட்டங்கள் அவர்கள் கண்ணுக்குத் தென்படும். கொங்கு நாட்டில் குச்சிக்கிழங்கு என்றும், தென்கோடியில் மரச்சீனி என்றும் வழங்கப்படும் பயிர் இது. 2020-ஆம் ஆண்டை அடுத்து அவ்வழியே சென்றவர்கள் வருந்தத்தக்க ஒரு மாறுதலைக் கண்டிருத்தல் கூடும். செடிகளின் நுனி சுருண்டு, கணுக்கள் நெருங்கி, இலைகள் கொத்தாகக் குறுகிக் கிடந்தன. இலையின் அடிப்புறத்தில் அரிசிமாவைத் தூவியது போன்ற வெண்மை படிந்திருந்தது. அது மாவுப்பூச்சியின் வேலை.

இதற்கு மருந்து தேடிச் சேலத்து உழவர்கள் அலைந்தபோது, உதவி வந்தது நாம் வாழும் இப்பெங்களூருவிலிருந்தேயாகும். ஆனால் அவ்வுதவியின் தொடக்கத்தைக் காண வேண்டுமாயின், ஆப்பிரிக்காவில் பிடிபட்ட ஒரு சிறு பூச்சிக்கு 1977-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறிஞர் ஒருவர் இட்ட பெயர் வரை நாம் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பூச்சிக்குப் பெயரிடுவது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. ஒரு பெயர் பல்லாயிரம் குடும்பங்களின் சோற்றைக் காத்த வரலாறு இது.

குழந்தைக்குப் பெற்றோர் விரும்பிய பெயரை இடலாம். பூச்சிக்கு அவ்வாறு இட முடியாது. இப்பூச்சி இதுவரை அறியப்பட்ட மற்ற எல்லாவற்றினின்றும் இன்ன வகையில் வேறுபட்டது என்று விளக்கி, வெளியிட்ட பின்னரே பெயர் நிலைபெறும். ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பே விலங்குகளின் அறிவியற் பெயர்களுக்குத் தொடக்கம் என உலகத்தார் வகுத்துக்கொண்டனர். அவரே 1775-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்த ஓர் ஈயை விவரித்து, டையாப்சிஸ் இக்னியூமோனியா என்று பெயரிட்டார். அதன் தலையின் இருபுறமும் கொம்பு போல இரு காம்புகள் நீண்டிருக்கும்; கண்கள் அக்காம்புகளின் நுனியில் அமைந்திருக்கும். அத்தகைய ஈயைக் கண்டவுடன், இது நம் வீட்டு ஈ அன்று என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆயினும் அக்காம்புக்கண் ஈக்களுக்குள்ளேயே நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் இருப்பதைப் பின்வந்தோர் கண்டனர். ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவதற்குத் தேர்ந்த கண் வேண்டும்.

மாவுப்பூச்சிகளிடத்தில் இச்சிக்கல் இன்னும் மிகுதி. உடல் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. மேலே வெண்மெழுகுப் பொடி. வெறுங்கண்ணுக்கு ஒன்றைப் போலவே மற்றொன்றும் தோன்றும். ஆகவே அறிஞர்கள் பூச்சியைக் காரநீரிலிட்டு உள்ளுறுப்புக்களைக் கரைத்து நீக்குவர். எஞ்சிய தோலுக்குச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதிப்பர். பின்பு நுண்ணோக்கியின் கீழ் வைத்து, உணர்கொம்பின் கணுக்களையும் மெழுகு சுரக்கும் நுண்துளைகளையும் ஒவ்வொன்றாக எண்ணுவர். அவ்வமைப்பைப் படத்துடன் எழுதி வெளியிடுவதே இனவிளக்கம். விளக்கத்துக்கு அடிப்படையான அப்பூச்சி மூலச்சான்றாகக் காட்சிச்சாலையில் காக்கப்படும். நூறாண்டுக்குப் பின்னர் ஐயம் எழுந்தாலும் அதனை எடுத்துப் பார்த்துத் தெளியலாம்.

இந்தத் தெளிவு இல்லாத காலத்தில் என்ன நேர்ந்தது என்பதற்குச் சென்னையின் பழைய வரலாறே சான்று. மெக்சிகோ நாட்டில் சப்பாத்திக்கள்ளியின் மேல் வாழும் ஒரு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் எடுத்தனர். அச்சாயத் தொழிலை இந்தியாவில் நிறுவக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விரும்பினர். சென்னையில் மருத்துவ அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்கெனச் சைதாப்பேட்டைப் பக்கத்தில் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் இந்தியா வந்து சேர்ந்தது. ஆனால் வந்தது வேறோர் இனம். எதிர்பார்த்த நற்சாயம் அதில் கிடைக்கவில்லை. அது ஒருவகைக் கள்ளியை அழித்ததே கண்ட பலன். அவ்வினத்துக்குத் தனிப்பெயர் கிடைத்ததோ நூறு ஆண்டு கழித்து, 1896-இல், இலங்கையில் பணியாற்றிய கிரீன் என்பவரால்தான். களையாகப் பெருகிய மற்றொரு வகைக் கள்ளியை அப்பூச்சி தீண்டவில்லை. அதனை ஒடுக்க அதே குடும்பத்தின் வேறோர் இனத்தை 1926-இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொணர வேண்டியதாயிற்று. பூச்சிக்குத் தன் உணவுச் செடியின் இனம் தெரியும். மனிதனுக்குத்தான் பூச்சியின் இனம் தெரியவில்லை.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதனை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். வறட்சியைத் தாங்கும் அக்கிழங்கு காலப்போக்கில் ஏறத்தாழ 20 கோடி மக்களின் முதன்மை உணவாயிற்று. பயிர் கடல் கடந்தபோது அதன் பகைகள் பல தாயகத்திலேயே தங்கிவிட்டன. இந்நிலை 1970-களின் தொடக்கத்தில் மாறியது. காங்கோ ஆற்றின் இரு கரையிலும் அமைந்த நாடுகளில் அதுவரை எவரும் கண்டிராத மாவுப்பூச்சி ஒன்று தோன்றி, மரவள்ளியை வாட்டிற்று. அதற்கு ஆண் வேண்டுவதில்லை. பெண்ணே தனித்துச் சில நூறு முட்டைகள் இடும். நடவுக்குச்சி ஒன்றில் ஒட்டிச் சென்ற ஒரு பூச்சியே ஒரு நாட்டை நிரப்பப் போதுமாயிருந்தது.

பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையைச் சேர்ந்த டானியேல் மத்தீல்-ஃபெரேரோ என்னும் பெண் அறிஞர் அப்பூச்சியை ஆராய்ந்து, முன்பு எவரும் விவரிக்காத புதிய இனம் என்று 1977-இல் எழுதினார். மரவள்ளியின் அறிவியற் பெயரைத் தழுவி ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று அதற்குப் பெயர் சூட்டினார். மரவள்ளியோ தென் அமெரிக்கச் செடி. எனவே பூச்சியும் அங்கிருந்தே வந்திருத்தல் வேண்டும். அங்கே அதனை அடக்கி வைக்கும் இயற்கைப் பகையும் இருத்தல் வேண்டும். இவ்வாறு கருதிய அறிஞர்கள் தென் அமெரிக்காவில் தேடத் தொடங்கினர்.

அக்கண்டத்தின் வடபகுதியில் மரவள்ளியின் மேல் மாவுப்பூச்சி கிடைத்தது. தோற்றத்தில் அது ஆப்பிரிக்கப் பூச்சியையே ஒத்திருந்தது. அதன் உடலில் முட்டையிட்டு அதனைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளும் கிடைத்தன. ஆனால் அக்குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளர மறுத்தன. நுணுகிப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. வடபகுதிப் பூச்சியில் ஆணும் உண்டு. நுண்துளைகளின் எண்ணிக்கையும் வேறு. அது தனி இனம் என்று ஜெனிஃபர் காக்ஸும் வில்லியம்ஸும் 1981-இல் விளக்கி, ஃபெனகாக்கஸ் ஹெரனி என்று பெயரிட்டனர். நைஜீரியாவின் இபாதான் நகரத்து அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்விட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரன் என்பாரின் பெயரே அது.

தேடிய பூச்சி அதே 1981-ஆம் ஆண்டில் தெற்கே பராகுவே நாட்டில் பெல்லோட்டி என்பவர் கண்ணில் பட்டது. அங்கே அதனை அடக்கி வைத்திருந்தது அதனினும் சிறிய ஒரு குளவி. அக்குளவிக்கு முன்னமேயே பெயர் இருந்தது! அர்ஜென்டினா நாட்டு அறிஞர் லூயிஸ் டி சாண்டிஸ் 1964-ஆம் ஆண்டிலேயே அதனை விவரித்திருந்தார். இன்று அனகைரஸ் லோபெசி என வழங்கும் அவ்வினத்தை அவர் எழுதி வைத்தபோது, அதனால் என்ன பயன் என்று எவரேனும் வினவியிருந்தால் அவரால் விடை கூறியிருக்க இயலாது. பதினேழு ஆண்டு கழித்துக் காலம் விடை கூறிற்று. லண்டனில் தனிக்காப்பில் வைத்துச் சோதிக்கப்பட்ட குளவிகள் நைஜீரியா சென்றன; 1981 இறுதியிலேயே வயல்களில் விடப்பட்டன. பின்னர் அவை மரவள்ளி விளையும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பரவி, பெரும்பாலான இடங்களில் பூச்சியை அடக்கின. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரவள்ளிச் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது அந்நாட்டு மக்களின் பசியைத் தணித்தது அக்கிழங்கே. அதே போர் மலேயாவிலிருந்தும் சாவகத்திலிருந்தும் வந்த ஜவ்வரிசியையும் தடுத்தது; அவ்வேளையில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் தோன்றி வளர்ந்தது. இன்று எம்மாநிலத்தில் வாழும் தமிழரும் பாயசத்துக்கு வாங்கும் ஜவ்வரிசியில் சேலத்து உழவரின் உழைப்பு கலந்திருக்கக் கூடும்.

பெங்களூருவுக்கும் இத்துறையில் பழைய உறவு உண்டு. ஹெரனுக்காகத் தென் அமெரிக்காவில் தேடுதல் நடத்திய காமன்வெல்த் உயிரியற் கட்டுப்பாட்டு நிறுவனம் தன் இந்திய நிலையத்தை 1957-இல் இந்நகரில் நிறுவியிருந்தது. பின்னர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் உயிரியற் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் 1993-இல் இங்கு அமைந்தது. பல்லாரிச் சாலையில் ஹெப்பாளத்தில் உள்ள அவ்வமைப்பே 2014 முதல் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்னும் பெயருடன் விளங்குகிறது. பூச்சிகளை இனம் பிரித்து விவரிப்போரும், நன்மை தரும் பூச்சிகளை வளர்ப்போரும் அங்கே ஒரே வளாகத்தில் பணிபுரிகின்றனர்.

2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிர்களை அது தாக்கிற்று. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகைக் குளவிகள் பெங்களூருவுக்கு வந்தன, இங்கே பெருக்கப்பட்டுத் தமிழ்நாடு சென்றன, பூச்சி அடங்கிற்று.

ஆகவே 2020-இல் மரவள்ளியில் மீண்டும் வெண்மாவு தோன்றியபோது, பழைய பகையே திரும்பியது என்று உழவர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. தமிழில் அதுவும் மாவுப்பூச்சி, இதுவும் மாவுப்பூச்சி. சொற்களுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் மொழிபெயர்ப்பாளராகிய நாம் இத்தகைய இடர்ப்பாட்டை நன்கு அறிவோம். ஒரு சொல் இரு பொருளைச் சுட்டும்போது, எப்பொருள் என்று உணராமல் எழுதினால் அரசாணையே தடம் மாறிவிடும். இங்கே மாறக்கூடியது விளைச்சல். பப்பாளிப் பூச்சியை அடக்கிய குளவி இப்புதிய பூச்சிக்குப் பகையாகாது.

கேரளத்தின் திருச்சூரில் 2020-இல் கிடைத்த பூச்சியைப் பணியகத்தின் அறிஞர்கள் தகட்டில் பதித்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். பப்பாளிப் பூச்சியின் உடல் மஞ்சள். இதன் உடலோ இளஞ்சிவப்பு. நுண்துளைகளின் அமைப்பு, பாரிஸ் அறிஞர் 1977-இல் எழுதிய விளக்கத்துடன் பொருந்திற்று. ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயர் உறுதியானதும், மற்றவை யாவும் தாமே தொடர்ந்தன. எக்குளவி வேண்டும் என்பதும், அது எங்கே கிடைக்கும் என்பதும் நாற்பதாண்டு வரலாற்றில் எழுதப்பட்டிருந்தன. 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அனகைரஸ் லோபெசி பெங்களூருவுக்கு வரவழைக்கப்பட்டது. தனிக்காப்பு ஆய்வகத்தில் சோதனைகள் முடிந்தபின், 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் உழவர்கள் முன்னிலையில் முதன்முதலாக விடப்பட்டது.

ஆப்பிரிக்காவில் பூச்சி தோன்றியதற்கும் குளவி விடப்பட்டதற்கும் இடையே எட்டு ஆண்டுகள் போல் சென்றன. அவற்றில் ஒரு பகுதி, வேறோர் இனத்தை இதுவென்று கருதித் தேடியதில் கழிந்தது. நம் நாட்டில் அவ்விடைவெளி இரண்டே ஆண்டுகள். அந்த வேறுபாட்டில் எத்தனையோ குடும்பங்களின் கடனும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் அடங்கியிருந்தன.

ஹெப்பாளத்து நிறுவனத்தின் இழுப்பறைகளில் ஊசியிற் செருகியும் தகட்டில் பதித்தும் பூச்சிகள் வரிசையாகக் காக்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றால் இன்று நமக்கு யாதொரு பயனும் தெரியவில்லை. 1964-இல் அந்த அர்ஜென்டினாக் குளவியும் அவ்வாறே ஒரு பெட்டியில் கிடந்தது. அடுத்த முறை சேலம் செல்லும் வழியில் பசுமையாய் நிற்கும் மரவள்ளித் தோட்டம் ஒன்றைக் கண்டால், எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து நுண்துளைகளை எண்ணி எழுதி வைத்த அம்மூவரையும் நால்வரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.