இந்தியாவில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டின் வரலாறு

மோட்டார் வாகன விபத்து இழப்பீடு என்பது, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கோ இறந்தவரின் குடும்பத்தாருக்கோ வாகன உரிமையாளரோ அவருடைய காப்பீட்டு நிறுவனமோ தரவேண்டிய தொகையாகும். "கால் போனால் எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்பவருக்குக் காட்ட விலைப்பட்டியல் எதுவும் கிடையாது. இந்தியச் சட்டம் உடலையோ உயிரையோ நேரடியாக விலை மதிப்பதில்லை. இழந்த வருமானத்தையே முதலில் கணக்கிடுகிறது. ஆகவே இழப்பீட்டின் வரலாறு, யாருடைய வருமானம் எப்படி மதிக்கப்பட்டது என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

தொடக்கம்

இந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1808-இல் குதிரை வண்டி விபத்தில் மனைவியை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், ஒரு மனிதரின் மரணத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது என்று அந்நாட்டு நீதிமன்றம் கூறியது. காயமடைந்தவர் உயிருடன் இருந்தால் பணம் கேட்கலாம். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றுமில்லை. இந்த முரண்பாட்டை 1846-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதைப் பின்பற்றி 1855-இல் இந்தியாவில் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த அத்தியாயம் 1946-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் ஏழையாக இருந்தாலும் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்க இது வழி செய்தது. ஆனால் வழக்கை உரிமையியல் நீதிமன்றத்தில் நடத்த வேண்டியிருந்தது. கேட்கும் தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். 1956-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கென மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களை அமைக்க வழிவகுத்தது.

தவறை மெய்ப்பிக்கும் சுமை

ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்காமல் இழப்பீடு பெற முடியாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோதிவிட்டு நிற்காமல் போன லாரியின் எண்ணைக்கூடக் குறிக்க முடியாதவர்களுக்கு இது பெருந்தடை. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம், யார் தவறு என்று பாராமல் உயிரிழப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் வழங்கச் செய்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை 25,000, 12,000 என்றும், 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் 50,000, 25,000 என்றும் உயர்த்தின.

1994-இல் மற்றொரு வழியும் வந்தது. வயதையும் வருமானத்தையும் வைத்துத் தொகையைச் சொல்லும் அட்டவணை சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆண்டு வருமானம் 40,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கே அது பொருந்தும். வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் எனக் கொள்ளப்பட்டது. அட்டவணையில் பல கணக்குப் பிழைகள் இருப்பதை 1996-இல் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆனாலும் விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, அதன் எண்கள் 2018 வரை மாறவில்லை.

கணக்கு உருவான விதம்

ஒரே வகை மரணத்துக்கு ஒரு தீர்ப்பாயம் 2 லட்சமும் மற்றொன்று 5 லட்சமும் கொடுத்தால் எது சரி? இக்கேள்விக்கு விடையாக, சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருக்கு எண் முறையை வலியுறுத்தியது. 2009-இல் சரளா வர்மா வழக்கு வயதுவாரியாகப் பெருக்கு எண்களை நிலைப்படுத்தியது: 25 வயது வரை 18, 26 முதல் 30 வரை 17 என்று தொடங்கி, 65 வயதுக்கு மேல் 5 என முடியும். 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எதிர்கால வருமான உயர்வைச் சுயதொழில் செய்வோருக்கும் சேர்க்க வேண்டும் என்றது.

ஓர் எடுத்துக்காட்டு: 30 வயதுக் கடைக்காரர் ஒருவர் இறந்துவிடுகிறார். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவியும் இரு குழந்தைகளும் அவரை நம்பியிருக்கிறார்கள். 40 விழுக்காடு எதிர்கால உயர்வைச் சேர்த்தால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 14,000. ஆண்டுக்கு 1,68,000. அதை 17-ஆல் பெருக்கினால் 28,56,000 ரூபாய். இதனுடன் துணையை இழந்ததற்கு 40,000, ஈமச்செலவுக்கு 15,000, சொத்து இழப்புக்கு 15,000 என 2017-இல் வரையறுத்த தொகைகள் சேரும். இவை மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர வேண்டும் என்பதும் அத்தீர்ப்பே. இறந்தவர் மீதும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும்.

காயமும் தொழிலும்

காயங்களுக்கான கணக்கை 2010-இல் ராஜ்குமார் வழக்கு தெளிவாக்கியது. மருத்துவர் தரும் ஊனச் சான்றிலுள்ள விழுக்காடும், சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல. இடக்கையை இழந்த தச்சரோ ஓட்டுநரோ தொழிலையே இழக்கிறார். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தர் வேலையில் தொடரக்கூடும். மேற்சொன்ன வயதும் வருமானமும் உள்ளவருக்கு, எதிர்கால உயர்வைச் சேர்க்காமல் கணக்கிட்டாலும், முழு இழப்பு என்றால் 30,60,000 ரூபாய். 20 விழுக்காடு இழப்பு என்றால் 6,12,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, துன்பம் ஆகியவற்றுக்கான தொகை தனி. காயம்பட்டவர் தமது வேலையின் தன்மையைச் சான்றுகளுடன் நிறுவுவது இதனால்தான் முக்கியமாகிறது.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள்

இல்லத்தரசியின் உழைப்பைக் கணவரின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்காகக் கொண்டது 1994-ஆம் ஆண்டு அட்டவணை. 2010-இல் உச்ச நீதிமன்றம் இப்பார்வையைக் கண்டித்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் ஆகியோருடன் வருவாய் ஈட்டாதோராக வகைப்படுத்தியதையும் அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. வருமானச் சான்று இல்லை என்பதற்காகக் கூலித் தொழிலாளரின் கோரிக்கையைப் புறக்கணிக்க முடியாது என்ற நிலைப்பாடும் 2011-க்குப் பின் வந்த தீர்ப்புகளில் உறுதிப்பட்டது.

சமரசமும் காத்திருப்பும்

பல வழக்குகள் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிகின்றன. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு ஏற்கப்பட்ட தொகைமீது மேல்முறையீடு கிடையாது. பணம் விரைவில் வரும். ஆனால் முழுக் கணக்குக்குக் குறைவாக இருக்கலாம். மருத்துவக் கடனில் நிற்கும் குடும்பத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதே பலரையும் அதற்கு இணங்கவைக்கிறது. தீர்ப்பு வந்தபின்னும் காத்திருப்பு முடிவதில்லை. தனி நிதியம் வைத்துள்ள அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. கழகம் பணம் செலுத்தத் தவறினால் நீதிமன்ற ஊழியர்கள் பேருந்தையே ஜப்தி செய்வது தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடிக்கடி வரும் செய்தி.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம், தவறை மெய்ப்பிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெற வழி செய்தது. இழப்பீட்டுப் பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 1994-இல் நீக்கப்பட்டிருந்த ஆறு மாதக் காலவரம்பும் அத்துடன் மீண்டும் வந்தது. தொகை கூடியிருக்கிறது, கேட்பதற்கான காலம் சுருங்கியிருக்கிறது.