கரிசலுக்கு வந்த கனடா ஃபோர்டு

புதுப்பித்த ஃபோர்டு மாடல் டி டூரர் விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பெயின்டைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது என்ஜினின் இடப் பக்கம், தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்துக்கு மேலே பொறித்திருக்கும் எண்ணை. அது 'சி' என்ற எழுத்தில் தொடங்கினால் என்ஜின் கனடாவில் பிறந்தது.

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி வண்டிகள் உருவாயின. நம் நாட்டுக்கான வலப் பக்க ஸ்டீயரிங் வண்டிகளை ஒண்டாரியோவின் வாக்கர்வில் ஆலை கப்பலேற்றியது. சென்னை, பம்பாய், கல்கத்தாவில் ஃபோர்டு கால் ஊன்றியது 1926இல். மறு வருடமே மாடல் டி நின்றுபோனது.

பெரும்பாலான அமெரிக்க டூரர்களில் முன்பக்கத்து இடது கதவு வெறும் தகர அச்சு, திறக்காது. கனடா வண்டியில் நாலு கதவும் திறக்கும். என்ஜின் எண்ணில் 'சி' இருந்து அந்த ஒரு கதவு மட்டும் திறக்கவில்லையென்றால், பாடி வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. நிறமும் பேசும்: 1914 முதல் 1925 வரை ஃபோர்டு கறுப்பு மட்டுமே அடித்தது. 1920ஆம் வருட வண்டி சிவப்பாக மின்னினால் அது இன்றைய பட்டறையின் விருப்பம்.

கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் மழையில் உப்பிச் சக்கரத்தைக் கவ்வும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணுக்கு இந்த வண்டி பொருந்தியது. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் கிட்டத்தட்ட 10 அங்குல இடைவெளி, எடை குறைவு, 20 குதிரைத்திறன். பெட்ரோலுக்கும் பம்ப் இல்லை, தண்ணீருக்கும் பம்ப் இல்லை. கெட்டுப்போகச் சாமான் குறைவு. நம் வெயில் சோதித்தது மர ஆரக்கால்களைத்தான். காய்ந்து சுருங்கினால் குடத்துக்குள் ஆடும். சக்கரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து அசையுங்கள். 'டக் டக்' என்றால், விலையைப் பிறகு பேசலாம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மதுரை டி.வி.எஸ். கரிவாயுக் கருவி செய்தது. பஸ்கள் அடுப்புக்கரியில் ஓடின. பழைய டூரர் ஒன்றின் பின்சட்டத்தில் காரணம் புரியாத துளைகள் தென்பட்டால், அந்தக் கருவியைத் தாங்கிய துளைகளாக இருக்கலாம். தயவுசெய்து அடைக்காதீர்கள். புத்தம் புதிய ஃபெண்டரைவிட அந்தத் துளைகளுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன்.

பிறகு தகரம் காயலான் கடைக்குப் போனது. பழைய கார்களின் அச்சுகள் மாட்டுவண்டிக்குப் போயின. அதனால் இன்று விலைக்கு வருவது பல நேரங்களில் மூன்று வண்டிகள் சேர்ந்த ஒன்று. அதில் குற்றமில்லை. விற்கிறவர் அதை வாய்விட்டுச் சொன்னால் அதற்கேற்ற விலைக்கு வாங்கலாம்; மறைத்தால் வேண்டாம்.

வண்டி கலப்பா என்று சட்டமும் கேட்கிறது. 2021 மத்திய விதிகளின்படி 50 வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிய, சேஸி, பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினப்படி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய ஆர்.சி.யைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணை என்ஜினோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.