உயரம் பாய்தலும் மணற்பள்ளமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோர ஊராகிய ஆலங்குடாவில் மணலுக்குப் பஞ்சமில்லை. இரு தடிகளை நட்டுக் குறுக்கே கயிறொன்றைக் கட்டினால், உயரம் பாய்வதற்கான களம் அங்கே ஆயத்தமாகிவிடும். உலகின் பெரிய விளையாட்டரங்குகளிலும் நெடுங்காலம் இதனைவிட மேலான வசதி இருந்ததென்று சொல்வதற்கில்லை. ஆதலின், மெய்வல்லுநர் போட்டிகளுள் மக்கள் பெரிதும் விரும்பும் உயரம் பாய்தலின் வரலாற்றை ஆராயப் புகுவோர், வீரன் எழுந்த உயரத்தோடு அவன் விழுந்த நிலத்தையும் நோக்குதல் வேண்டும்.

1896இல் ஏதென்ஸ் நகரில் நடைபெற்ற முதலாவது நவீன ஒலிம்பிக்கில் அமெரிக்கரான எலரி கிளார்க் 1.81 மீற்றர் பாய்ந்து வென்றார். கால்களைக் கத்தரிபோல் வீசிக் கடப்பதே அக்காலத்தில் பெருவழக்கு. இம்முறையில் உடல் ஏறக்குறைய நிமிர்ந்தே செல்வதால், அதன் பாரம் முழுவதையும் கோலுக்கு வெகு மேலே உயர்த்தவேண்டியிருந்தது. 1912இல் ஜோர்ஜ் ஹொரைன் என்னும் அமெரிக்கர் உடலைக் கோலின்மேற் பக்கவாட்டிற் கிடத்தி உருண்டு கடந்து, 2 மீற்றரை எட்டினார். எனினும், கீழே கிடந்தது மணலோ மரத்தூளோதான். கையையோ காலையோ ஊன்றி இறங்கினாலன்றி உடம்பு தப்பாது.

1957இல் சோவியத் வீரர் யூரி ஸ்டெப்பனோவ் தடித்த அடியுள்ள சப்பாத்தணிந்து 2.16 மீற்றர் பாய்ந்தபோது எழுந்த சர்ச்சை சுவையானது. சப்பாத்தடியின் தடிப்புக்கு எல்லை வகுக்கவேண்டிய நிலைமை அதனால் உண்டாயிற்று. ஆனால், சப்பாத்தினும் பெரிய மாற்றத்தைச் செய்தது மெத்தையே. 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி முதுகு கோலை நோக்கத் தலை முன்செல்லப் பாய்ந்து, 2.24 மீற்றரிற் பொற்பதக்கம் பெற்றார். அவரைத் தாங்கியது தடித்த நுரைமெத்தை. அதே பாய்ச்சலை மணற்பள்ளத்திற் செய்திருந்தால் பதக்கத்துக்குப் பதிலாகக் கழுத்து முறிவே கிட்டியிருக்கும். மெத்தையில்லாப் பாடசாலை மைதானங்களில் மாணவர் இம்முறையைப் பார்த்துப் பழக முற்படுவதை ஆசிரியர்கள் தடுத்தல் இன்றியமையாதது.

1993இல் கியூபா வீரர் ஹவியர் சொட்டோமேயர் பாய்ந்த 2.45 மீற்றரும் இவ்வழி வந்ததே. அவ்வளவுகோலைக் கொண்டு முன்னோரை அளப்பின், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் சாதனை சிறிதெனத் தோன்றக்கூடும். 1958இல் டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் அவர் பாய்ந்தது 2.03 மீற்றர், ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம். ஆனால் அதற்கு இரண்டாண்டுகளின் முன், அவரும் பங்குபற்றிய மெல்போர்ண் ஒலிம்பிக்கில், சார்ள்ஸ் டூமாஸ் பொற்பதக்கம் வென்ற உயரம் 2.12 மீற்றரே. உலகின் முதல்வருக்கும் அவருக்குமிடையே 9 சென்ரிமீற்றர்தான்! 42 சென்ரிமீற்றரைக் காட்டிப் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1948இல் இலண்டன் ஒலிம்பிக்கின் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்றதை இலங்கையர் நன்கறிவர். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டியவர் எதிர்வீரசிங்கம். அவ்விழா மே 24ஆந் தேதி தொடங்கி யூன் முதலாந் தேதி வரை நடைபெற்றது. அந்நாட்களிலேயே இலங்கையிற் தமிழருக்கெதிரான இனக்கலவரம் மூண்டிருந்தது. மே 27ஆந் தேதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. தமிழர் வீடிழந்து அகதிகளாய் ஒதுங்கிய அதே காலத்தில், தமிழிளைஞர் ஒருவர் நாட்டுக்குப் பொன் தேடிக்கொடுத்தார். பதக்கப் பட்டியல்களில் இச்செய்தி இடம்பெறுவதில்லை.

அதன்பின்னரும் அவர் இலங்கைக்காகவே பாய்ந்தார். 1962இல் யாகர்த்தாவில் நடந்த அடுத்த ஆசிய விளையாட்டு விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.