மிக்-21: பழையதைத் திருத்துவதா, புதியதைச் செய்வதா?



2025 செப்டம்பர் 26ஆம் திகதி சண்டிகரில் இந்திய விமானப்படை தனது கடைசி மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தது. 1963இல் அவை சேவைக்கு வந்ததும் அதே சண்டிகரில்தான். 62 வருட சேவை! இது பெருமைக்குரிய விடயமா, கவலைக்குரிய விடயமா?

சோவியத் தயாரிப்பான மிக்-21 அக்காலத்தில் உலகின் சிறந்த யுத்த விமானங்களில் ஒன்று. ஒலியைப் போல இரு மடங்கு வேகம். 1971 யுத்தத்தில் இந்தியாவுக்குப் பெரிதும் கைகொடுத்தது. அதற்குப் பதிலாக உள்நாட்டிலேயே ஓர் இலகு விமானம் வடிவமைக்க 1983இல் அரசு அனுமதி வழங்கியது. அதுதான் தேஜஸ்.

ஆனால் தேஜஸ் முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4இல். முதல் படையணி அமைந்தது 2016இல். அனுமதி கிடைத்து 33 வருடங்களுக்குப் பிறகு! காரணங்கள் பல. விமானம், கணினிக் கட்டுப்பாடு, எஞ்சின் என எல்லாவற்றையும் ஒரேயடியாகப் புதிதாகச் செய்ய முனைந்தார்கள். காவேரி எஞ்சின் சரிவராமல் அமெரிக்க எஞ்சினே பொருத்தப்பட்டது. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்காவும் உதவியை நிறுத்தியது.

இடைவெளியை நிரப்ப 125 மிக்-21கள் 'பைசன்' என்ற பெயரில் நவீனமாக்கப்பட்டன. புதிய ராடர், புதிய ஏவுகணைகள், விமானியின் தலைக்கவசத்திலேயே குறிபார்க்கும் கருவி. செலவும் குறைவு. ஆனால் ராடரை மாற்றலாம், சிறகை மாற்ற முடியாது. சிறிய முக்கோணச் சிறகு என்பதால் அது மிகுந்த வேகத்தில்தான் தரையிறங்க வேண்டும். இருப்பதும் ஒரே எஞ்சின். போதாக்குறைக்கு, 2008இல் ஹோக் பயிற்சி ஜெட் வரும்வரை இளம் விமானிகள் மெதுவான பயிற்சி விமானங்களிலிருந்து நேரடியாக இதற்கு மாறினார்கள்.

வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் பாதிக்கு மேல் விபத்துகளில் அழிந்ததாகவும், 171 விமானிகளும் 39 பொதுமக்களும் உயிரிழந்ததாகவும் 2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோனி பாராளுமன்றத்தில் கூறினார்.

வயது மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் உற்பத்தி 1962இலேயே முடிந்துவிட்டது. அது இன்றும் பறக்கிறது, புதிய எஞ்சின்களும் பொருத்தப்படவுள்ளன. பெரிய உடல், தாராளமான இடம், எட்டு எஞ்சின்கள், நிதானமான வேகம். திருத்தித் திருத்திப் பாவிக்க அது இடம் கொடுக்கிறது.

பழையதைப் புதுப்பிப்பது தவறல்ல. அது அவகாசம் தரும். ஆனால் அந்த அவகாசத்துக்குள் புதியதைச் செய்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால், தாமதத்தின் விலையைக் கொடுப்பது கோப்பில் கையெழுத்து வைத்தவர் அல்ல, ஏதோ ஒரு தாயின் பிள்ளை.