பட்டயமும் பதிவேடும்: நக்கவாரத் தீவுகள் காட்டும் வரலாறு

அயல்நாட்டு வணிகர் ஒருவர் முத்திரையிட்ட தாள் ஒன்றை நீட்டி, இன்ன தேசத்து இன்ன கம்பெனியின் சார்பில் வந்திருக்கிறேன் என்று கூறுகிறார். அக்கூற்று மெய்தானா என்று அறிவது எங்ஙனம்? ஐரோப்பியக் கம்பெனியின் பெயர் பொறித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சரக்கு அனுப்பலாமா, முன்பணம் கட்டலாமா என்று தயங்கும் தமிழ் வணிகர் மும்பையிலும் உளர், கொல்கத்தாவிலும் உளர், 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் போர்ட் பிளேரிலும் உளர். இவ்வினா புதியதன்று. அந்தமானுக்குத் தெற்கே உள்ள நிக்கோபார்த் தீவுகளில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வினா எழுந்து, விடை காணாமல் பலரை அலைக்கழித்தது.

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்பெறுவன இத்தீவுகளே. ஐரோப்பியக் கம்பெனியார் இங்கு வந்த கதை தமிழ்க் கரையில், தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1616-ஆம் ஆண்டில் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்டியன் தம் நாட்டு வணிகர்க்கு ஒரு பட்டயம் அளித்தார். அதன் வலிமையால் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று கோபன்ஹேகனில் தோன்றியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஓவ கெட்டே என்னும் கடற்படைத் தலைவர் தஞ்சைக்கு வந்தார். இரகுநாத நாயக்கர் டேனிய மன்னர்க்குத் தங்க ஓலையில் கடிதம் எழுதித் தந்தார். அவ்வோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வந்தவர் மெய்யாகவே ஒரு மன்னரின் தூதர்தானா என்பதை நாயக்கர் எவ்வாறு சோதித்திருக்க முடியும்? கப்பலையும் பீரங்கியையும் காணிக்கையையும் கண்டார், அவ்வளவே. தாளும் முத்திரையும் நிறைந்த கட்டுகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு, முத்திரையின் அழகுக்கும் அதன் மெய்ம்மைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது நாள்தோறும் காணும் செய்தி.

1756-இல் தரங்கம்பாடியிலிருந்து சென்ற டேனியர், நிக்கோபாரைத் தம் மன்னரின் உடைமை என்று அறிவித்து, பிரடெரிக் தீவுகள் என்று பெயரும் சூட்டினர். பெயர் நிலைத்தது ஏட்டில்தான். குடியேறியவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. 1768-இல் மொரேவிய சபையைச் சார்ந்த சகோதரர் சிலர் நான்கௌரித் தீவில் வந்து தங்கினர். அவர்களையன்றி டேனிய ஆட்சிக்கு அடையாளம் என்று சொல்லத் தக்கது அங்கே மிகுதியாக இல்லை.

இந்நிலையில்தான் வில்லியம் போல்ட்ஸ் என்பவர் நம் வரலாற்றில் புகுகிறார். ஆங்கிலக் கம்பெனியின் ஊழியராக வங்காளத்தில் பெரும்பொருள் ஈட்டி, மேலதிகாரிகளோடு பகைத்துக்கொண்டு, 1768-இல் அங்கிருந்து நாடுகடத்தப்பட்டவர் இவர். 1772-இல் அக்கம்பெனியின் முறைகேடுகளைச் சாடி ஒரு நூலும் வெளியிட்டார். லண்டனில் வாயில் அடைபட்டதும் வியன்னாவுக்குச் சென்று, 1775-இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவிடம் கீழ்த்திசை வாணிகத்துக்குப் பட்டயம் பெற்றார். மறு ஆண்டு லிவோர்னோத் துறைமுகத்திலிருந்து, ஜோசப், தெரேசா என்னும் பெயர்கள் பூண்ட கப்பலில் பேரரசுக் கொடியேற்றிப் புறப்பட்டார்.

போல்ட்ஸின் பட்டயம் போலியன்று. ஆயினும் அவர் சென்ற இடமெல்லாம் ஐயமும் எதிர்ப்பும் முன்னின்றன. அவர்க்கு இடம் கொடுக்கலாகாது என்று லண்டன் இயக்குநர்கள் இந்தியாவிலிருந்த தம் அதிகாரிகட்கு ஆணை அனுப்பினர். ஐதர் அலியோ மலபார்க் கரையில் பண்டகசாலை வைக்க இசைவு தந்தார். ஆங்கிலேயரின் பகைவர் என்பதே அவர்க்குப் போதிய சான்றாக இருந்தது போலும்! 1778-இல் போல்ட்ஸின் கப்பல் நான்கௌரியை அடைந்தது. டேனியர் தம் உரிமையைக் கைவிட்டனர் என்று கருதி, ஆஸ்திரியர் அத்தீவுகளைத் தமதென அறிவித்தனர். காட்ஃபிரீட் ஸ்டால் என்பார் அங்குத் தலைவராக அமர்ந்தார். தெரெசாத் தீவு அப்பேரரசியின் பெயர் தாங்கியது என்பர்.

டேனியர் உரிமையைக் கைவிட்டிருந்தனரா? இல்லை. டேனியப் பாதுகாப்பில் வாழ்ந்த மொரேவியச் சகோதரர் அதே நான்கௌரியில்தான் அப்போதும் இருந்தனர். ஆனால் எந்த அரசுக்கு எந்த உரிமை, எந்தக் கம்பெனியின் பட்டயம் உயிருடன் இருக்கிறது, எது காலாவதியாயிற்று என்பதைப் பொதுவாக எழுதிவைத்து, கேட்டவர்க்கெல்லாம் காட்டும் ஏடு உலகில் எங்கும் இல்லை. கோபன்ஹேகனின் ஆவணம் கோபன்ஹேகன் பெட்டியிலும், வியன்னாவின் ஆவணம் வியன்னாப் பெட்டியிலும் பூட்டிக் கிடந்தன. டேனியர் தம் உரிமையை வலியுறுத்தினர். 1783-இல் ஸ்டால் இறந்தார். குடியேற்றமும் விரைவில் கலைந்தது. திரியெஸ்த், ஆன்ட்வெர்ப் நகரங்களை மையமாகக் கொண்டு 1781-இல் விரிவாக்கப்பெற்ற போல்ட்ஸின் கம்பெனியும் 1785-இல் நொடித்தது. அதன் பங்குகளில் பணம் போட்டவர்களுக்கு, எண்ணாயிரம் கல் தொலைவில் நடந்ததை முன்கூட்டி அறியும் வழி ஏதும் இருந்ததில்லை.

தீவின் மக்கள் தமக்கென ஒரு வழி கண்டிருந்தனர் என்பது சுவையான செய்தி. தேங்காய் கொடுத்துத் துணியும் இரும்பும் வாங்கும் பண்டமாற்றில், வந்துபோகும் கப்பல் தலைவரிடம் நற்சான்றுக் கடிதம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டனர். அடுத்த கப்பல் கரை தட்டியதும் அதனை எடுத்துக் காட்டுவர். 1858-இல் நோவாரா என்னும் ஆஸ்திரியக் கப்பல் கார் நிக்கோபாரை அடைந்தபோதும் இத்தகைய தாள்களோடு மக்கள் எதிர்கொண்டனர். காட்டுபவர்க்கோ அதிலுள்ள எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் முறை என்னவோ சரியானதே: தன்னைப் பற்றித் தானே சொல்லிக் கொள்ளாமல், முன்பு கொண்டுகொடுத்த மற்றொருவர் சொல்லைக் காட்டுவது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் பெரியதொரு மாறுதல் நிகழ்ந்தது. பொய்க் கம்பெனிகளால் மக்கள் பொருளிழந்தது கண்ட ஆங்கிலப் பாராளுமன்றம், 1844-இல் கூட்டுப்பங்குக் கம்பெனிகள் பதிவு செய்யப்பட வேண்டுமென்றும், அப்பதிவை எவரும் வந்து பார்வையிடலாம் என்றும் சட்டம் செய்தது. இந்தியாவில் 1850-இல் அதனையொட்டிய சட்டம் வந்தது. பட்டயம் மன்னர் தரும் சலுகை. பதிவேடோ குடிமகன் திறந்து பார்க்கும் ஏடு. இவ்வேறுபாடு சிறிதன்று.

1868-இல் டேனியர் நிக்கோபார் உரிமையைப் பிரித்தானியர்க்கு விற்றனர். மறு ஆண்டு ஆங்கிலக் கொடி ஏறியது. விடுதலைக்குப் பின் 1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, ஒதுக்கப்பட்ட பகுதியில் வெளியார் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். வந்தவர் யார் என்று கேட்கும் உரிமை இவ்வாறு தீவின் பக்கம் திரும்பியது.

இன்று ஐரோப்பியக் கம்பெனியைச் சரிபார்க்க விரும்பும் நம்மவர்க்குக் கப்பல் ஏற வேண்டுவதில்லை. 2017 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வணிகப் பதிவேடுகள் ஒரே இணைப்பில் சேர்க்கப்பெற்று, ஒன்றியத்தின் மின்நீதி வாயிலில் தேடக் கிடைக்கின்றன. கம்பெனியின் பெயர், சட்ட வடிவம், பதிவு அலுவலகம், பதிவெண் ஆகியன கட்டணமின்றிக் காணலாம். பெயரை நம்புதல் கூடாது. ஒத்த பெயர்கள் பல. எண்ணைக் கேட்க வேண்டும். டென்மார்க்கில் அது எட்டு இலக்கம், பிரான்சில் ஒன்பது. ஜெர்மனியில் எந்த நீதிமன்றத்துப் பதிவு என்பதும் உடன் வேண்டும். எதிர்த் தரப்பார் அனுப்பும் சான்றிதழ் நகலை வைத்துக்கொண்டு நிறைவடைவது, படிக்கத் தெரியாத கப்பல் தலைவர் கடிதத்தைப் பெட்டியில் வைப்பது போன்றதே. பதிவேட்டை நாமே திறந்து, எண்ணும் முகவரியும் பொறுப்பாளர் பெயரும் கடிதத்தோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். கம்பெனி கலைக்கப்பட்டதா, கடன்தீர்ப்பில் உள்ளதா என்பதையும் பல பதிவேடுகள் காட்டும். மதிப்புக்கூட்டு வரி எண்ணைச் சோதிக்க ஒன்றியம் தனி வாயில் ஒன்றும் வைத்திருக்கிறது. தனி ஒருவர் நடத்தும் கடைகள் இவ்விணைப்பில் வாரா. அவற்றுக்கு அந்தந்த நாட்டின் பதிவேட்டையே நாட வேண்டும். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டமையால், லண்டன் கம்பெனியைத் தேடுவோர் அந்நாட்டுக் கம்பெனிப் பதிவகத்தின் ஏட்டைத் தனியே காணல் வேண்டும். அதுவும் கட்டணமின்றித் திறந்தே கிடக்கிறது.