துடுப்பு

துடுப்பு என்பது மீனின் உடலிலிருந்து தட்டையாக நீண்டு நிற்கும் உறுப்பு. செட்டை என்பதும் வழக்கு. நீரோட்டத்தையோ காற்றோட்டத்தையோ கையாளக் கப்பலிலும் ராக்கெட்டிலும் பொருத்தும் தகடுகளுக்கும், சூட்டை வெளியேற்ற இயந்திரங்களில் அமைக்கும் உலோகத் தகடுகளுக்கும் பொறியியலில் இதே பெயர்தான்.

மீன் துடுப்பை வீசி நீந்துகிறது என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலான மீன்களைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி. உடல் தசைகளில் எழும் அலை வாலை வீசுகிறது, வால் நீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மற்றத் துடுப்புகளுக்கு உடலை நிலையாகப் பிடிப்பதும் திருப்புவதும் நிறுத்துவதுமே முதன்மையான வேலை. எந்தத் துடுப்பு எதைச் செய்யும் என்பதை அதன் வடிவத்தைவிட, உடலில் அது அமைந்த இடமே பெரிதும் தீர்மானிக்கிறது.

எலும்பு மீன்கள்

முதுகு, குதம், வால் ஆகிய மூன்றிடங்களில் உள்ள துடுப்புகள் ஒற்றையானவை. மார்பிலும் இடுப்பிலும் உள்ளவை இணையாக அமைந்தவை. முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் மீன் பக்கவாட்டில் உருளாமல் காக்கின்றன. மார்புத் துடுப்புகளை விரித்தால் வேகம் குறையும். ஒன்றை மட்டும் விரித்தால் உடல் அந்தப் பக்கம் திரும்பும். உயிருள்ள மீன் நிமிர்ந்து நிற்பதே ஓயாத வேலை. பல மீன்களில் மிதப்பைத் தரும் காற்றுப்பை கீழ்ப்பக்கத்திலும் எடை மேற்பக்கத்திலும் இருப்பதால், துடுப்புகளின் சிறு அசைவுகள் நின்றதும் உடல் கவிழ்ந்துவிடும். செத்த மீன் வயிறு மேலாக மிதப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்த நுட்பமான அசைவுகளுக்கு அடிப்படை துடுப்புக் கதிர்கள். ஒவ்வொரு மென்கதிரும் முதுகொட்டிய இரண்டு அரைக்கதிர்களால் ஆனது. அடியில் உள்ள தசை ஒரு பாதியை மட்டும் இழுக்கும்போது கதிர் முழுவதும் வில்லாக வளைகிறது. துடுப்பின் பரப்பில் தசையே இல்லாமல், அதன் வளைவை மீன் கதிர் கதிராக மாற்றிக்கொள்ள முடிவது இதனால்தான். ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனம் இதையொத்த அமைப்பில் ரோபோ விரல்களைச் செய்திருக்கிறது. பக்கவாட்டில் அழுத்தினால் அவை விலகாமல் அழுத்தம் வந்த பக்கமே வளைந்து பொருளைச் சுற்றிக்கொள்கின்றன. முட்டையையும் பழத்தையும் நசுக்காமல் எடுக்க இது போதும்.

மென்கதிர்களோடு கூரிய முட்கதிர்களும் பல மீன்களுக்கு உண்டு. கெளுத்தியின் முதுகு முள்ளும் மார்பு முட்களும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும் என்பதை, அதை வலையிலிருந்து கழற்றியவர் எவரும் மறப்பதில்லை. விறாலின் நீண்ட துடுப்புகளில் முள்ளே கிடையாது.

துடுப்பின் வகைகளை அறிய மீன் சந்தையே நல்ல பாடசாலை. கானாங்கெளுத்தியின் வாலுக்கு முன்னால், மேலும் கீழும் ஐந்தைந்தாக நிற்கும் சிறு துடுப்புகளைப் பார்க்கலாம். அவை வாலை நோக்கிச் செல்லும் நீரை ஒழுங்குபடுத்துவதாகக் கருதப்படுகிறது. சூரை விரைந்து நீந்தும்போது முன் முதுகுத் துடுப்பை முதுகிலுள்ள பள்ளத்துக்குள் மடக்கிக்கொள்கிறது. பறவைக் கோலாவின் மார்புத் துடுப்புகள் சிறகுகளாக நீண்டவை. வாலின் கீழ்மடல் மேல்மடலைவிட நீளமானது. உடல் காற்றில் எழுந்த பின்னும் அந்தக் கீழ்மடல் மட்டும் நீரைத் துழாவி உந்திக்கொண்டிருக்கும். மயில் மீன் பாய்போன்ற முதுகுத் துடுப்பை மடக்கி வைத்திருந்து, இரைமீது அலகை வீசும் நேரத்தில் விரிக்கிறது.

நீந்துவதை விட்டு வேறு தொழிலுக்குப் போன துடுப்புகளும் உண்டு. சுறாக்களின் உடம்பில் பற்றிக்கொண்டு திரியும் ஒட்டு மீனின் தலையிலுள்ள உறிஞ்சு தட்டு, உருமாறிய முதுகுத் துடுப்பே. ஆழ்கடல் தூண்டில் மீனின் முதல் முதுகுக் கதிர் இரையை ஈர்க்கும் தூண்டிலாகிவிட்டது. பிச்சாவரத்தின் அலையாத்திச் சேற்றில் சேற்றுத்தாவி மார்புத் துடுப்புகளை ஊன்றியே நகர்கிறது.

நிலத்தில் நடக்கும் முதுகெலும்பிகளின் கால்கள் சதைப்பற்றான துடுப்புகளிலிருந்து வந்தவை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் புதைபடிவம் ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டுகள் பழமையானது. அதன் துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றுக்கு ஈடான எலும்புகள் இருந்தன.

சுறாக்கள்

சுறாத் துடுப்பின் கட்டுமானமே வேறு. அடியில் குருத்தெலும்பு, அதற்கு மேல் விளிம்புவரை நெருக்கமான புரத இழைகள். எலும்பு மீனைப்போல இவற்றை விசிறியாக மடக்க முடியாது.

சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் ஓரளவு மிதப்பைத் தந்தாலும் பெரும்பாலான சுறாக்கள் நீந்தாவிட்டால் மூழ்கும். ஆகவே மார்புத் துடுப்புகள் விமானச் சிறகுகள்போல எப்போதும் உடலைத் தூக்கிப் பிடிக்கின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2000ஆம் ஆண்டையொட்டி செரில் வில்காவும் ஜார்ஜ் லாடரும் சிறுத்தைச் சுறாக்களில் செய்த ஆய்வு இதைத் திருத்தியது. சீராக நீந்தும்போது அந்தத் துடுப்புகள் தூக்குவிசை எதையும் பெரிதாகத் தருவதில்லை. மேலேறவும் கீழிறங்கவும்தான் அவற்றின் கோணம் மாறுகிறது.

இதைவிட வியப்பானது பெரிய கொம்பன் சுறாவின் பழக்கம். 2016இல் வெளியான ஆய்வின்படி, அது பெரும்பாலான நேரம் ஒருக்களித்தே நீந்துகிறது. அதன் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பைவிட நீளம். சாய்ந்து நீந்தினால் அதுவே சிறகாகிவிடுகிறது, நீந்தும் செலவும் குறைகிறது.

திருக்கையில் மார்புத் துடுப்புகளே விரிந்து உடல் தட்டாகிவிட்டன. ஆண் சுறாக்களிலும் திருக்கைகளிலும் இடுப்புத் துடுப்பின் ஒரு பகுதி இனப்பெருக்க உறுப்பாக இயங்குகிறது.

கடற்கரை வியாபாரத்தில் பீலி எனப்படும் சுறாத் துடுப்பின் விலைக்குக் காரணம், மேலே சொன்ன புரத இழைகள். கிழக்காசியச் சூப்பில் சேமியாபோல நீளும் அவற்றுக்குச் சுவை கிடையாது. சுவையெல்லாம் கூடச் சேரும் கோழிச்சாறு தருவது. இதற்காக உயிருள்ள சுறாவின் துடுப்புகளை அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறிந்தால், நீந்த முடியாத அந்த மீன் மூழ்கிச் சாகிறது. சுறாக்கள் துடுப்போடு முழு உடலாகவே கரைக்கு வர வேண்டும் என்று இந்திய அரசு 2013இல் ஆணையிட்டது. 2015இல் துடுப்பு ஏற்றுமதியையும் தடைசெய்தது.

பொறியியலில்

துடுப்பு இருக்கும் இடமே அதன் வேலையைத் தீர்மானிக்கும் என்று மீன் காட்டும் விதியை ராக்கெட்டிலும் காணலாம். எடை மையத்துக்குப் பின்னால் துடுப்பு இருந்தால், மூக்கு விலகும்போது காற்று வால்பகுதியைத் தள்ளிப் பழைய திசைக்கே கொண்டுவரும். அம்பின் வாலில் இறகு கட்டுவதும் இதற்குத்தான். துடுப்பை முன்னால் வைத்தால் விலகல் கூடும். காற்றில்லாத உயரத்தில் துடுப்பால் பயனில்லை என்பதால், பெரிய ராக்கெட்டுகள் எஞ்சினையே சாய்த்துத் திசை மாற்றுகின்றன. தரையிறங்கும் ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேற்பகுதியில் விரியும் சல்லடைத் துடுப்புகள் இந்த விதிக்கு முரண் அல்ல. அது கீழ்நோக்கி வரும்போது மேற்பகுதிதான் அதற்கு வால்.

கப்பல்களின் பக்கவாட்டில் நீட்டி மடக்கும் துடுப்புகள் அலையின் உருட்டலுக்கு எதிராகச் சாய்கின்றன. நின்ற கப்பலில் இவற்றின் பயன் குறைவு. அலைச்சறுக்குப் பலகைக்கு நிலையான துடுப்பை 1935இல் பொருத்தியவர் அமெரிக்கர் டாம் பிளேக். அதுவரை பலகையின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும்.

குளிர்விக்கும் துடுப்புகளுக்கு மீனோடு வடிவ உறவு மட்டுமே. சென்னையில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டின் எஞ்சினைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தகடுகள் காற்றுபடும் பரப்பைப் பெருக்குகின்றன. நுனிக்குப் போகப் போகத் தகட்டின் சூடு குறைவதால், ஓர் அளவுக்குமேல் நீட்டினால் எடைதான் மிச்சம். நெருக்கி அடுக்கினால் காற்று நுழையாது. இந்தக் கணக்கை ஹார்பர், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் 1922இலேயே எழுதிவிட்டார்கள். பம்ப்செட் மோட்டாரின் வரிகளில் சேறு படிந்தால் மோட்டார் சூடாவதும் இதே கணக்குதான்.

கடைசியாக, வேலையே இல்லாத துடுப்பு. லாக்ஹீட் பி-38 போர்விமானத்தின் வாலைப் பார்த்து, ஹார்லி ஏர்ல் தலைமையிலான ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்பாளர்கள் 1948 கடிலாக் காரின் பின்னால் சிறு துடுப்புகளை வைத்தார்கள். 1959 மாடலில் அவை உச்சத்துக்கு வளர்ந்தன. பக்கக்காற்றில் கார் நிலையாக ஓடும் என்று போட்டி நிறுவனமான க்ரைஸ்லர் தன் துடுப்புகளுக்கு விளம்பரம் செய்தது. சாலையில் ஓடும் வேகத்தில் ஓட்டுநருக்குத் தெரியும்படி அவை எதையும் செய்யவில்லை. 1960களின் நடுவில் அமெரிக்காவில் அந்த மோகம் தீர்ந்தது. அதன் அடக்கமான சாயல் மட்டும் பிரீமியர் பத்மினி காரின் பின்புறத்தில் அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தியச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தது.